ஆசிரியர்கள் புகார் செய்த வர்ணனையாளர்: பேஸ்பால் வீரர் டிசி டீன்

1946ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்கள் சிலர் ஒரு வானொலிக் குரலைப் பற்றிப் புகார் கிளப்பினார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் பேஸ்பால் ஆட்டங்களை வர்ணனை செய்யும் அந்த மனிதர் ஆங்கில இலக்கணத்தைக் கொலை செய்கிறார், அவர் பேசுவதைக் கேட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே பேசுகிறார்கள், வகுப்பில் தாங்கள் சொல்லிக்கொடுப்பது மாலையில் வானொலிப் பெட்டி முன்னால் வீணாகிறது என்பது அவர்களின் வருத்தம். ஒலிபரப்பை மேற்பார்வையிடும் மத்திய ஆணையம் வரைக்கும் விவகாரம் போனதாகப் பத்திரிகைகள் எழுதின.

புகாருக்கு உள்ளானவர் டிசி டீன். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்து வீச்சாளர். பருத்தி பறிக்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். விளையாட்டிலிருந்து ஒலிவாங்கிக்கு வந்த வீரர்களில் அவர் அளவுக்குக் கேலியும் அன்பும் ஒருசேரப் பெற்றவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அவருடைய பெயரே ஒரு கதை. இயற்பெயர் ஜே ஹன்னா டீன். ஆனால், ஜெரோம் ஹெர்மன் டீன் என்றும் தன்னைச் சொல்லிக்கொள்வார். பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாம்கூட கேட்கும் ஆளைப் பொறுத்து மாறும். ஒரே நாளில் மூன்று நிருபர்கள் தனித்தனியே வந்து பேட்டி கேட்டபோது மூவருக்கும் மூன்று ஊரைச் சொன்னாராம். ஒவ்வொருவருக்கும் மற்றவரிடம் இல்லாத செய்தி கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான் என்று பின்னர் விளக்கமும் கொடுத்தார். பதிவுகள்படி அவர் பிறந்தது 1910ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, ஆர்கன்சா மாநிலத்தின் லூக்கஸ் என்னும் சிற்றூரில்.

தந்தை ஆல்பர்ட் டீன் சொந்த நிலம் இல்லாதவர். பிறர் நிலத்தில் பாடுபட்டு விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாரக் குடியானவர். அமெரிக்கத் தெற்கில் அந்தக் காலத்தில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன. விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன், அறுவடையில் கடன் கழிவு, மறுபடியும் கடன். டீனுக்கு எட்டு வயதாக இருந்தபோது தாயார் அல்மா காசநோயில் இறந்துபோனார். அதன் பிறகு தந்தையும் எல்மர், ஜே, பால் என்ற மூன்று மகன்களும் வேலை கிடைத்த பக்கமெல்லாம் பயணப்பட்டார்கள். ஆர்கன்சாவிலிருந்து ஓக்லஹோமா, அங்கிருந்து டெக்சஸ். பருத்தி எங்கே வெடிக்கிறதோ அங்கே குடும்பம் இருக்கும்.

பருத்திக் காலத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. தான் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாக டீன் சொல்வார். அதிலும் ஒரு கிண்டலைச் சேர்த்துக்கொள்வார். மூன்றாம் வகுப்புக்குப் போனால் அங்கே தகப்பனார் உட்கார்ந்திருப்பார், அவரை முந்திப் போகக் கூடாதே என்று நின்றுவிட்டேன் என்பதாக. சிரிக்க வைக்கும் பேச்சுதான். ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எந்தப் பள்ளியிலும் ஓராண்டு முழுதாக உட்கார்ந்து படிக்காத ஒரு பையன் இருக்கிறான்.

பயணத்தின்போது அண்ணன் எல்மரைக் குடும்பம் தொலைத்த கதையும் உண்டு. இரண்டு பழைய கார்களில் போய்க்கொண்டிருந்தபோது இரயில்வே கேட் ஒன்றில் முதல் கார் கடந்துவிட்டது. அதற்குள் நீண்ட சரக்கு இரயில் ஒன்று குறுக்கே வந்தது. எல்மர் இருந்த பின் கார் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இரயில் போன பிறகு ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி சந்திக்க ஆண்டுகள் பிடித்தன. கைத்தொலைபேசி யுகத்தில் நம்ப முடியாததுபோல் தோன்றும். முகவரியே இல்லாத குடும்பத்தில் ஒருவர் காணாமல் போனால் எந்த முகவரிக்குக் கடிதம் எழுதுவது?

16 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்தில் சேர்ந்தார் டீன். டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாம். காலுக்குப் புதுச் சப்பாத்து, மூன்று வேளைச் சாப்பாடு. அங்கேதான் அவருக்கு 'டிசி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தலை சுற்றுபவன், கொஞ்சம் கிறுக்கு என்று அர்த்தம். அவரின் குறும்பைப் பொறுக்க முடியாத ஒரு சார்ஜென்ட் வைத்த பெயர் என்பார்கள். முகாம் அணிக்காகப் பந்து வீசியபோது அவரின் வேகம் வெளியே தெரிந்தது. 1929இல் பணம் கட்டி இராணுவத்திலிருந்து விடுதலை வாங்கினார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழு அவரை ஒப்பந்தம் செய்தது.

நம் வாசகர்களில் பலருக்குப் பேஸ்பால் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் ஒரு வார்த்தை. கிரிக்கெட்டைப் போல் இதிலும் ஒருவர் பந்து வீசுவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். பந்து தரையில் பட்டு எழும்பாது, நேராக வரும். அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் ஓர் ஓட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீச்சாளர்தான் அணியின் முதுகெலும்பு. டீன் காலத்தில் ஒரே ஆள் ஒன்பது இன்னிங்சும் வீசி முடிப்பது சாதாரணம்.

1930ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாளில், டீன் முதல் முறையாகப் பெரிய லீக் ஆட்டத்தில் வீசினார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை 3-1 என வீழ்த்தினார். இந்தத் தேதியை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். மறுபடி வரும்.

மறு ஆண்டு அவரைப் பெரிய அணியில் வைத்துக்கொள்ளவில்லை. வாய் அதிகம், செலவும் அதிகம். கடைகளில் கையெழுத்துப் போட்டுக் கடனாளியானதால், பயிற்சிக் காலத்தில் நிர்வாகம் அவருக்கு நாளுக்கு ஒரு டாலர் மட்டும் கையில் கொடுத்தது. அவரை ஹூஸ்டனில் இருந்த துணை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே 26 ஆட்டங்களை வென்றார். அதைவிட முக்கியமாக, பட்ரீசியா நேஷ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு டீனின் சம்பளம், ஒப்பந்தம், சேமிப்பு எல்லாம் பட்ரீசியாவின் கையில். பணம் வந்த வேகத்திலேயே போய்விட்ட விளையாட்டு வீரர்கள் எத்தனையோ பேர். டீன் அந்தப் பட்டியலில் சேராததற்கு இந்த அம்மாதான் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

1932 முதல் கார்டினல்ஸ் அணியில் நிலைத்தார். 1933 ஜூலை 30ஆம் தேதி சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 17 பேரை மட்டையால் தொட விடாமல் வெளியேற்றினார். அன்றைக்கு அது சாதனை. 1934இல் தம்பி பாலும் அதே அணிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த 1934தான் அவர் வாழ்க்கையின் உச்சம். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். நாடு முழுவதும் வேலையில்லாத கூட்டம். டீன் பிறந்து வளர்ந்த பகுதியிலிருந்து விவசாயக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கலிபோர்னியா பக்கம் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அழுக்குச் சட்டையும் முரட்டு ஆட்டமுமாக ஓர் அணி வெல்லத் தொடங்கியது. பத்திரிகைகள் அதற்கு 'கேஸ்ஹவுஸ் கேங்' என்று பெயர் வைத்தன. அதன் நடுநாயகம், தானும் தம்பியும் சேர்ந்து 45 ஆட்டங்களை வெல்வோம் என்று பருவத்துக்கு முன்பே ஊரெங்கும் சொல்லித் திரிந்த டீன். வாய்ச்சவடால் என்றார்கள். அண்ணன் 30, தம்பி 19, மொத்தம் 49 வந்தது. அதன் பிறகு தேசிய லீக்கில் எந்தப் பந்து வீச்சாளரும் ஒரே பருவத்தில் 30 வெற்றியைத் தொடவில்லை.

செப்டம்பர் 21ஆம் தேதி புரூக்ளினில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் அண்ணன் வீசி 13-0 வெற்றி. எதிரணிக்கு மூன்றே அடிகள். இரண்டாவது ஆட்டத்தில் தம்பி வீசினார். எதிரணிக்கு ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை. தம்பி இப்படிச் செய்யப் போகிறான் என்று முன்னமே தெரிந்திருந்தால் நானும் அப்படியே வீசியிருப்பேனே என்று அண்ணன் குறைபட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு அவர் வேலைநிறுத்தமும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. டீனின் சம்பளம் 7,500 டாலர், தம்பியின் சம்பளம் 3,000 டாலர். தம்பிக்குக் கொடுப்பது போதாது என்று ஜூன் மாதத்தில் பந்து வீச மறுத்தார். ஆகஸ்டில் டெட்ராய்ட்டில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்துக்கு இருவரும் போகவில்லை. நிர்வாகம் ஆளுக்கு 100 டாலர் அபராதம் போட்டது. கோபத்தில் டீன் தன் அணிச் சீருடையைக் கிழித்தார். புகைப்படக்காரர் அந்தக் காட்சியைத் தவறவிட்டதால் இன்னொரு சீருடையையும் கிழித்துக் காட்டினார். விவகாரம் பேஸ்பாலின் ஆணையர் நீதிபதி லேண்டிஸ் முன்னால் போனது. டீன் தோற்றார். வீரர்களுக்குச் சங்கம் இல்லாத காலம் அது. எந்தக் குழு ஒப்பந்தம் செய்ததோ அதே குழுவுக்குத்தான் காலமெல்லாம் ஆட வேண்டும். கூலி பேசும் உரிமை இல்லாத வீட்டில் பிறந்தவர், நாடறிந்த வீரரான பிறகும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார். நீதிபதி லேண்டிசும் மறுபடி வருவார்.

அந்த ஆண்டின் உலகத் தொடரில் டெட்ராய்ட் டைகர்ஸ் எதிரணி. நான்காவது ஆட்டத்தில் மற்றொருவருக்குப் பதிலாக ஓடப் போனார் டீன். எதிரணி வீரர் எறிந்த பந்து நெற்றியில் பட்டு, மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் தலையைக் கதிர்ப்படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமே இல்லை என்று மறுநாள் ஊரே சிரித்தது. மறுநாளே அவர் மீண்டும் பந்து வீசினார், தோற்றார். அக்டோபர் 9ஆம் தேதி ஏழாவது, கடைசி ஆட்டத்தில் 11-0 என்று வென்றார். கார்டினல்ஸ் வென்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு அண்ணனுடையது, இரண்டு தம்பியுடையது.

தொடர் முடிந்ததும் ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். அப்போது கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனி லீக். டீன் அவர்களோடு மோதினார். கறுப்பினப் பந்து வீச்சாளர் சாச்சல் பேஜைத் தான் பார்த்தவர்களிலேயே சிறந்தவர் என்று வெளிப்படையாகப் பாராட்டினார். இனப்பாகுபாடு ஊறிய தெற்கில் வளர்ந்த ஒருவரிடமிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்கு எடை அதிகம்.

1935இல் 28 வெற்றிகள், 1936இல் 24. பிறகு 1937 ஜூலை 7ஆம் தேதி வந்தது.

வாஷிங்டனில் நடந்த நட்சத்திர ஆட்டம் அது. டீனுக்குப் போகவே விருப்பமில்லை. வற்புறுத்தலின் பேரில் போனார். ஏர்ல் ஏவரில் அடித்த பந்து நேராகப் பாய்ந்து வந்து அவரின் இடது காலின் பெருவிரலில் பட்டது. விரலில் 'ஃபிராக்சர்' என்று மருத்துவர் சொன்னதும், அதெல்லாம் இல்லை, உடைந்தே போய்விட்டது என்று டீன் மறுத்ததாக ஒரு கதை உலவுகிறது.

விரல் உடைந்தால் ஓய்வெடுக்கலாம், ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு முன்பே களத்துக்கு வந்துவிட்டார். வலிக்கும் காலில் எடை விழாமல் இருக்கப் பந்து வீசும் முறையை மாற்றினார். கால் தாங்க வேண்டிய பாரத்தைத் தோள் தாங்கியது. சில வாரங்களில் தோள் போய்விட்டது. 27 வயதில் அந்த வேகப்பந்து முடிந்தது. அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை.

1938 ஏப்ரலில் கார்டினல்ஸ் அவரைச் சிகாகோ கப்ஸ் குழுவுக்கு விற்றது. விலை 185,000 டாலரும் மூன்று வீரர்களும். வேகம் போன கையை வைத்துக்கொண்டு, மெதுவான பந்து, ஏமாற்றும் பந்து, எந்த ஆட்டக்காரருக்கு எது பிடிக்காது என்ற ஞாபகம், இவற்றாலேயே அந்தப் பருவத்தில் 7 வென்று 1 மட்டும் தோற்றார். உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பலம் வாய்ந்த நியூயார்க் யாங்கீஸ் அணியை எட்டாவது இன்னிங்ஸ் வரை 3-2 எனப் பின்தள்ளி வைத்திருந்தார். வெறும் சூழ்ச்சியால். பிறகு கிரசெட்டியும் டிமாஜியோவும் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார்கள். 6-3 தோல்வி. அவருடைய 30 வெற்றிகளைவிட இந்தத் தோல்வியைப் பெரிதாகப் பேசுபவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

1941 மே மாதம் ஓய்வு. 150 வெற்றி, 83 தோல்வி. வயது 31. படிப்பில்லை. பந்து வீசுவதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. மறுபடி பருத்திக் காட்டுக்கா போவது?

வழி காட்டியது ஒரு மதுபான ஆலை. செயின்ட் லூயிசில் ஃபால்ஸ்டாஃப் பியர் நிறுவனம் உள்ளூர் ஆட்டங்களின் வானொலி ஒலிபரப்புக்குப் பணம் கொடுத்து வந்தது. ஊருக்கே பழகிய குரல் ஒன்று ஒலிவாங்கி முன்னால் இருந்தால் பியர் விற்கும் என்பது கணக்கு. 1941 ஜூலையில் டீன் வர்ணனைக் கூண்டில் உட்கார்ந்தார்.

இன்று ஓய்வுபெற்ற வீரர்கள் வர்ணனைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அன்று அப்படி இல்லை. கிளீவ்லாந்தில் 1932இல் ஜாக் கிரேனி என்ற முன்னாள் வீரர் வானொலிக்கு வந்திருந்தார். அவரையே முதல்வராகச் சொல்வது வழக்கம். மற்றபடி அது பயிற்சி பெற்ற குரல்களின் தொழில். ரெட் பார்பர், மெல் ஆலன் போன்றவர்கள் அழகான ஆங்கிலத்தில், அளந்து பேசுபவர்கள். அவர்கள் நடுவே டீன், பருத்திக் காட்டில் பேசிய மொழியிலேயே பேசினார்.

ஆங்கிலத்தில் சறுக்குவதற்கு 'ஸ்லைட்' என்பார்கள். அதன் இறந்தகாலம் 'ஸ்லிட்'. டீன் 'ஸ்லட்' என்றார். 'த்ரூ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'த்ரோட்'. மட்டை வீசியதைச் சொல்ல 'ஸ்வாங்'. ஆட்டக்காரர்கள் தத்தம் தளங்களுக்குத் திரும்பினார்கள் என்பதற்கு, மரியாதைக்குரிய தளங்களுக்குத் திரும்பினார்கள் என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். நாம் 'ஓடினான்' என்று எழுதிவிட்டு 'ஓடுனான்' என்று பேசுகிறோமே, அதுபோலத்தான். ஒரு வித்தியாசம், டீனுக்கு எழுத்து வழக்கு என்ற இன்னொரு மொழி கைவசம் இல்லை. இருந்தது ஒன்றுதான். அதையே ஒலிவாங்கிக்கும் கொடுத்தார்.

கேட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், மிசூரி, ஆர்கன்சா, இல்லினோய் விவசாயக் குடும்பங்கள். தங்கள் வீட்டுத் திண்ணையில் பேசும் மொழி முதல் முறையாக வானொலிப் பெட்டியிலிருந்து வந்தது. அதோடு, பந்து வீச்சாளர் அடுத்து என்ன வீசுவார், ஏன் தடுமாறுகிறார் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் சொன்னார். ஆட்டம் மந்தமானால் பாட்டுப் பாடினார். கதை சொன்னார். ஆட்டத்தை மறந்தும் போனார்.

போர்க்காலத்தில் வானிலையைப் பற்றி வானொலியில் பேசத் தடை இருந்தது. எதிரி விமானங்களுக்குத் தகவல் போய்விடும் என்ற அச்சம். ஒரு நாள் மழையால் ஆட்டம் நின்றது. காரணத்தைச் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆட்டம் ஏன் நிற்கிறது என்று நான் சொல்லக் கூடாது, நீங்களே சன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீன் நேயர்களிடம் சொல்லிவிட்டாராம்.

1944இல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் இரண்டு அணிகளும், கார்டினல்சும் பிரவுன்சும், உலகத் தொடரில் மோதின. நகரத்தின் வரலாற்றிலேயே பெரிய பேஸ்பால் விழா. இரண்டு அணிகளின் ஆட்டங்களையும் ஆண்டாண்டாக வர்ணித்தவர் டீன். நாடு தழுவிய ஒலிபரப்பில் அவர் பெயர் இருக்கும் என்றுதான் ஊர் நினைத்தது. ஆணையர் லேண்டிஸ் மறுத்துவிட்டார். டீனின் உச்சரிப்பும் மொழியும் தேசிய ஒலிபரப்புக்குத் தகுதியில்லை என்பது அவரின் முடிவு. பத்தாண்டுகளுக்கு முன் அதே உலகத் தொடரைத் தன் கையால் வென்று கொடுத்தவர், சொந்த ஊரில் நடந்த தொடருக்கு வெளியே நின்றார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஆசிரியர்களின் புகார். அவர்களின் கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஏழைப் பிள்ளைக்குச் செம்மையான மொழி ஒரு படிக்கட்டு. அது இல்லாமல் அலுவலக வேலை கிடைக்காது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால், அவர்கள் எதிர்பாராதது நடந்தது. நேயர்களின் கடிதங்கள் டீனுக்கு ஆதரவாகக் குவிந்தன. நாட்டின் பெயர்பெற்ற இலக்கிய வார இதழான சாட்டர்டே ரிவியூ அவருக்காகப் பரிந்து எழுதியது. உயிருள்ள பேச்சைத் திருத்த வேண்டாம் என்பது அதன் நிலைப்பாடு.

டீன் முதலில் கிண்டலாகத்தான் பதில் சொன்னார். உங்கள் 'சின்டாக்ஸ்' சரியில்லை என்றார்களாம். சொற்றொடர் அமைப்பைக் குறிக்கும் அந்தச் சொல் காதுக்குப் 'பாவ வரி' என்றும் கேட்கும். வாஷிங்டனில் இருப்பவர்கள் இப்போது பாவத்துக்கும் வரி போட்டுவிட்டார்களா என்று டீன் கேட்டதாகச் சொல்வார்கள். பிறகு நிதானமாகவும் பேசினார். தானும் பாலும் எல்மரும் சிறு வயதில் பருத்தி பறித்துக்கொண்டிருந்தோம், ஆர்கன்சாவில் தங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லை, இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருப்பதில் மகிழ்ச்சி என்றார். ஆசிரியர்களைத் திட்டவில்லை. தன் பேச்சையும் மாற்றிக்கொள்ளவில்லை. வேலையும் போகவில்லை.

1947இல் கார்டினல்ஸ் குழு தன் ஒலிபரப்பை ஹாரி கேரியிடம் ஒப்படைத்தது. டீனுக்குப் பிரவுன்ஸ் மட்டும் மிஞ்சியது. தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த அணி. அதன் பந்து வீச்சாளர்களைத் தினமும் வானொலியில் குறை சொன்னார். இந்த வயதிலும் இவர்களில் பலரைவிட நான் நன்றாக வீசுவேன் என்றார். வந்து வீசிக் காட்டுங்கள் என்று அணி நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. காலி நாற்காலிகளை நிரப்ப அவர்களுக்கும் ஏதாவது தேவைப்பட்டது.

பருவத்தின் கடைசி நாள், 1947 செப்டம்பர் 28. முதல் ஆட்டத்துக்குச் சரியாக 17 ஆண்டுகள் கழித்து. 37 வயது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ் வீசினார். ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. மட்டையும் பிடித்து ஒரு பந்தை அடித்தார், ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அத்தோடு வெளியே வந்தார். மறுபடி வீசவில்லை.

1950இல் நியூயார்க் போனார், யாங்கீஸ் ஆட்டங்களின் தொலைக்காட்சி வர்ணனைக்கு. அங்கே பெரிதாக எடுபடவில்லை. 1952இல் அவர் வாழ்க்கை 'தி பிரைட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' என்ற படமாக வந்தது, டான் டெய்லி நடித்தார். 1953இல் பேஸ்பாலின் புகழ் மாடத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு ஏபிசி தொலைக்காட்சி வாரம் ஓர் ஆட்டத்தை நாடு முழுவதும் காட்டத் தொடங்கியபோது வர்ணனையாளராக டீனைப் போட்டது. 1955இல் அந்த நிகழ்ச்சி சிபிஎஸ் நிலையத்துக்குப் போனது, டீனும் கூடவே போனார்.

இங்கே ஒரு விசித்திரம். பெரிய லீக் அணி உள்ள நகரங்களில் இந்த நிகழ்ச்சியைக் காட்டக் கூடாது என்று தடை. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்று குழுக்கள் பயந்தன. ஆகவே நியூயார்க்கும் சிகாகோவும் பார்க்காத ஆட்டத்தைத் தெற்கிலும் மேற்கிலும் இருந்த சிற்றூர்கள் பார்த்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவை 16 அணிகள்தான். தெற்கில் ஆழமாகப் போனால் ஒன்றுமில்லை. அந்த ஊர்களில் பலர் பெரிய லீக் ஆட்டத்தை முதன்முதலில் கண்ணால் கண்டது டீனின் குரலோடுதான். அகன்ற தொப்பி, பருத்த உடம்பு, நடுவில் 'வாபாஷ் கேனன்பால்' என்ற இரயில் பாட்டு. சனிக்கிழமை மதியம் என்றால் டீன் என்று ஆனது.

குறைகளும் இருந்தன. முதலில் அவரோடு வர்ணித்தவர் பட்டி பிளாட்னர். அவரும் முன்னாள் பேஸ்பால் வீரர், முப்பதுகளில் உலக மேசைப்பந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றவர். டீன் பாடும்போதும் கதை அளக்கும்போதும் ஆட்டத்தின் கணக்கை நேயர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். 1959இல் இருவருக்கும் மனக்கசப்பு வந்து பிளாட்னர் விலகினார். பெரிய பெயர் தங்கியது, உழைத்த துணை போனது. 1960 முதல் பீ வீ ரீஸ் துணைக்கு வந்தார். அவரும் புரூக்ளின் அணியின் முன்னாள் வீரர்.

1965உடன் சிபிஎஸ் நிகழ்ச்சி முடிந்தது. உரிமை என்பிசி நிலையத்துக்குப் போனது. புதிய நிலையம் ரீசை எடுத்துக்கொண்டது, டீனை எடுக்கவில்லை. தொலைக்காட்சி மெருகேறிவிட்டது. அதற்குள் முன்னாள் வீரர்கள் வர்ணனைக் கூண்டில் வரிசையாக வந்துவிட்டார்கள். செயின்ட் லூயிசிலேயே பிறந்து வளர்ந்த ஜோ கராஜியோலா அவர்களில் ஒருவர். நகைச்சுவையும் உள்ளறிவும் கலந்து பேசுவதையே தொழிலாக்கிக் கொண்டவர்.

டீனும் பட்ரீசியாவும் மிசிசிப்பி மாநிலத்தில், பட்ரீசியாவின் சொந்த ஊர்ப் பக்கமான பாண்ட் என்னும் சிற்றூரில் வசித்தார்கள். பட்ரீசியா சேர்த்து வைத்த பணம் இருந்தது. கடைசிவரை கஷ்டம் இல்லை.

1974 ஜூலை 17ஆம் தேதி நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 64. உடலைப் பாண்ட் ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கார்டினல்ஸ் குழு அவர் அணிந்திருந்த 17ஆம் எண்ணை இனி வேறு எந்த வீரருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது.